வலப்பக்க சீட்

“அங்கிள், வர்ற ஞாயித்துக்கிழமை பிளேன் எனக்கு வேணும். தனியா.”

இதை மட்டும் கேட்கவே கூடாது என்று மானஸா எனக்குப் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். ஆபீஸில் என் பக்கத்து இருக்கை. எட்டு வருஷமாக அதே கம்பெனியில் இருப்பவள். “என்ன வேணா கேளுடி. பிளேனைத் தனியாக் கேக்காத. அந்தப் பேச்சே அவருக்கு ஆகாது.” ஏன் என்று கேட்டால் வாயைத் திறக்க மாட்டாள்.

கேட்டுவிட்டேன்.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் எழுதுகிறேன். கற்பனை ஒரு வரிகூட இல்லை. தேதி 2025 அக்டோபர் 5. நேரமெல்லாம் என் டேப்லெட்டில் பதிவாகியிருக்கிறது. ராத்திரி, சுடுகாடு, புளியமரம் எதுவும் இதில் கிடையாது. எனக்கு நடந்தது காலை பதினொன்றரை மணிக்கு, டெக்சஸ் வெயிலில், தரையிலிருந்து மூவாயிரத்து ஐந்நூறு அடி உயரத்தில். நம்பாவிட்டால் போங்கள். பயமுறுத்தவா எழுதுகிறேன்? வயிறு எரிந்து எழுதுகிறேன்.

என் பெயர் அஞ்சுகம். அரியலூர் பக்கம். அப்பா சிமெண்ட் ஆலையில் மூட்டை ஏற்றியவர். தாசில்தார் ஆபீஸில் நாலு நாள் நின்று முதல் பட்டதாரி சான்றிதழ் வாங்கிப் படித்தவள் நான். டெக்சஸில் காப்பெல் என்ற ஊரில் கஸ்தூரிரங்கன் அங்கிளின் சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை. என் விசா அவர் கையில். என் கிரீன் கார்டும் அவர் கையில்.

அவரும் நண்பர்கள் ஐந்து பேரும் சேர்ந்து ஒரு சின்ன விமானம் வைத்திருக்கிறார்கள். நாலு சீட், ஒரே எஞ்சின். இரண்டு வருஷம் சனி ஞாயிறு பார்க்காமல் படித்து நானும் லைசென்ஸ் வாங்கி, அந்த கிளப்பில் ஏழாவது ஆளாகச் சேர்ந்தேன். விமானத்தைக் கழுவுவது நான். கண்ணாடி துடைப்பது நான். ஓட்டுவது மட்டும் அங்கிள்கள். எனக்கு எப்போதாவது வலப்பக்க சீட் கிடைக்கும். “அஞ்சு, அந்த சிப்ஸை எடும்மா” என்பார்கள்.

அதனால்தான் கேட்டேன். புதன்கிழமை, கேன்டீனில், நாலு பேர் முன்னால்.

அங்கிள் சிரித்தார். “உங்க ஊருக்குள்ள பஸ் வருமாம்மா?”

ஜெயபிரகாஷ் அங்கிளும் சிரித்தார். இவர் கிளப்பின் இரண்டாவது ஆள். “மொதல்ல ஷேர் ஆட்டோ ஓட்டட்டும் சார்.”

“பஸ் வராது அங்கிள். அதான் பிளேன் கத்துக்கிட்டேன்.”

சிரிப்பு நின்றது. எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேறு வழியில்லாமல், “சரி போ. டூ அவர்ஸ். தட்ஸ் இட்” என்றார்.

அமெரிக்காவில் பண்டிகை சனிக்கிழமைதான் வரும். அந்தச் சனிக்கிழமை ஆயுத பூஜை. விமானத்தைக் கழுவப் போனபோது அங்கிளின் மனைவி நாகலக்ஷ்மி ஆன்ட்டி தாம்பாளத்தோடு நின்றார். சந்தனத்தைக் குழைத்துக் குழைத்து மூக்கில், சக்கரத்தில், இறக்கை நுனியில் என்று பொட்டு வைத்தார். குனிந்து இறக்கைக்கு அடியிலும் இரண்டு பக்கமும் வைத்தார்.

“ஏழு வருஷமா அவர் வேண்டாம் வேண்டாம்னுட்டார்டி. இன்னைக்கு அவர் நியூஜெர்சி பார்சிப்பனில கிளையண்ட் மீட்டிங். கேக்காமலே பண்ணிட்டேன்! நாளைக்குத்தான் வருவார். சர்ப்ரைஸ்.”

கூட வந்திருந்த மகள் தீக்ஷா போனிலிருந்து தலை தூக்காமல், “மாம், இட்ஸ் எ பிளேன், நாட் எ பேபி” என்றாள்.

“நீ சும்மா இரு. அஞ்சு, நாளைக்குப் பொட்டைத் துடைச்சுடாதே. சாமிக்கு வச்சது.”

ஏழு வருஷமாக ஏன் வேண்டாம் என்றார்? நான் கேட்கவில்லை.

ஞாயிறு காலை விமானத்தைச் சுற்றி வந்து சோதித்தேன். ஆயில், டயர், பெட்ரோல். இரண்டு இறக்கையிலும் டேங்க் நிரம்பியிருந்தது. அடியில் குனிந்தும் பார்த்தேன். டேங்குக்குள் காற்று போகும் சின்னக் குழாய்க்குப் பக்கத்தில் சந்தனப் பொட்டு என்று நினைத்தேன். குழாயின் வாயிலேயே சந்தனம் என்று எனக்குத் தெரியவில்லை. இது என் தப்பு. ஒத்துக்கொள்கிறேன். எந்தக் காகிதத்திலும் எழுதிக் கையெழுத்துப் போடுவேன்.

காலி சீட்டின் பெல்ட்டை மாட்டி, இழுத்து இறுக்கிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். இறுக்கினேன். இதை ஞாபகமாகச் சொல்கிறேன்.

10:42. ஓடுபாதையில் எழ வேண்டிய இடத்தில் விமானம் எழவில்லை. இன்னும் இருநூறு அடி ஓடியது. நான் ஐம்பத்திரண்டு கிலோ. தனி ஆள். கணக்கு போட்டு வைத்திருந்தேன். வண்டி இரண்டு பேரோடு எழுவது போல் எழுந்தது. காற்று இல்லை, அதனால்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

10:58. வலது பக்கம் சாய்ந்துகொண்டே போனது. இடது டேங்கிலிருந்து எரிகிறது, வலது டேங்க் கனக்கிறது. அதற்கும் ஒரு சமாதானம்.

11:12. போனில் அலாரம் அடித்தது. அரை மணிக்கு ஒரு தடவை டேங்க் மாற்ற வேண்டும். கால் பக்கத்தில் இருக்கும் திருகைப் பிடித்து வலது டேங்குக்குத் திருப்பினேன். “ரைட் டேங்க்” என்று வாய்விட்டும் சொன்னேன். பயிற்சியில் அப்படித்தான் சொல்லித் தருவார்கள்.

11:19. ஹெட்செட்டில்… உஸ்ஸ்ஸ்.

அந்த ஹெட்செட் மைக், யாராவது பேசினால்தான் திறக்கும். இல்லாவிட்டால் மௌனம். நான் பேசவில்லை. உஸ்ஸ்ஸ்… நின்றது. உஸ்ஸ்ஸ்… நின்றது.

மூச்சு.

யாரோ மைக்குக்கு ரொம்பப் பக்கத்தில் மூச்சு விடுவது போல. வலது பக்கக் கொக்கியில் இன்னொரு ஹெட்செட் தொங்கிக்கொண்டிருந்தது. காற்று பட்டிருக்கும். அதன் வயரைப் பிடுங்கிப் போட்டேன்.

11:22. உஸ்ஸ்ஸ்…

இப்போது வேகமாக.

கண்ணாடி வழியாக வெயில் என் இடது கையைச் சுட்டது. வலது கை மட்டும் சில்லிட்டது. நான் வலது பக்கம் திரும்பவில்லை. நேரே பார்த்து ஓட்டினேன். கீழே மஞ்சள் புல்வெளி, ஒரு குட்டை, அதைச் சுற்றி மரங்கள்.

11:31. எஞ்சின் இருமியது.

ஒரு தடவை. பிறகு இரண்டு தடவை. பிறகு மூக்கு குலுங்கியது.

திருகை இடது டேங்குக்கு மாற்றினேன். பம்ப்பைப் போட்டேன். எஞ்சின் பிடித்துக்கொண்டது. நாற்பது நொடி.

இருமல். மறுபடி இருமல்.

நின்றது.

எஞ்சின் நின்ற விமானத்தில் சத்தமே இருக்காது என்று நினைப்பீர்கள். காற்று கத்தும். இறக்கையில் காற்று ஊளையிடும். எதிரே விசிறி அசையாமல் ஒரு குச்சி மாதிரி நிற்கும்.

மூக்கைத் தாழ்த்து. எழுபத்தைந்து நாட் வேகம். அதை விடாதே. இறங்க இடம் பார். கை தானாகச் செய்தது. மறுபடி வலது டேங்க். மறுபடி இடது. ஒன்றும் இல்லை.

அப்போதுதான் பேச்சு கேட்டது.

“மாத்திப்போட்டன்.”

பெண் குரல். தமிழ். என் ஊர்த் தமிழ் இல்லை. காதுக்குள், தெளிவாக.

“ரெண்டு பக்கமும் மாத்திப்போட்டன்… வருகுதில்லை.”

நான் ரேடியோ பட்டனை அழுத்தினேன். மேடே, மேடே என்றேன். எஞ்சின் போய்விட்டது என்றேன். கன்ட்ரோலர் நிதானமாகக் கேட்டார். இங்கே ஆபத்தில் இருக்கும் விமானத்தை, எத்தனை உயிர்கள் என்றுதான் கேட்பார்கள்.

“ஒன்” என்றேன்.

“அண்டர்ஸ்டேண்ட். டூ சோல்ஸ் ஆன் போர்ட்.”

திருத்த நேரமில்லை. ஆயிரத்து எண்ணூறு அடி. இடது பக்கம் நீளமான மேய்ச்சல் நிலம். அதுதான். இடது பக்கம் திருப்பினேன்.

திரும்பவில்லை.

ஸ்டியரிங் என் கையை எதிர்த்து வலது பக்கம் போனது. மெதுவாக. இன்னொரு கை பிடித்து இழுப்பது போல. குட்டையைப் பார்த்து. மரங்களைப் பார்த்து.

“மாத்திப்போட்டன்…”

இழுத்தேன்.

“சொல்லு. மாத்திப்போட்டன் எண்டு சொல்லு.”

ஆயிரம் அடி.

எனக்குப் பயம் போய்விட்டது. கோபம் வந்தது. என் வாழ்க்கையில் ஸ்டியரிங்கைப் பிடித்து இழுத்தவர்கள் போதாதா?

“விடுடி!” என்று கத்தினேன். “செத்தா நீ சாவு! என்னை விடு!”

விட்டது.

சட்டென்று. எதிர்ப்பே இல்லாமல் விமானம் இடது பக்கம் திரும்பியது. ஹெட்செட்டில் கேட்ட அந்த மூச்சும் நின்றது.

ஐந்நூறு அடி. பெட்ரோலை மூடு. கதவைத் திறந்து வை. மோதினால் கதவு இறுகிவிடும். இந்த விமானத்துக்கு ஒரே கதவு.

அது வலது பக்கத்தில்.

பார்க்காமல் கையை நீட்டினேன். சீட்டைத் தாண்டும்போது கை ஐஸ் தண்ணீரில் போனது போல இருந்தது. கொண்டியைத் தட்டினேன். திறந்தது.

11:37. சக்கரம் தரையில் பட்டது. குதித்தது. மறுபடி பட்டது. புல், கல், வேலி… வேலிக்கு இருபதடி முன்னால் நின்றது.

இப்போதுதான் வலது பக்கம் பார்த்தேன். யாரும் இல்லை. பெல்ட் மாட்டியபடியே இருந்தது. ஆனால் நான் இறுக்கிய மாதிரி இல்லை. முழுசாகத் தளர்ந்து, ஒரு ஆள் உட்கார்ந்திருக்கும் அளவுக்கு, வளைந்து நின்றது.

அந்த சீட்டைத் தாண்டித்தான் வெளியே வர வேண்டும். தாண்டினேன். எப்படி என்று கேட்காதீர்கள்.

11:52-க்கு ஷெரிஃப் ஆபீஸ் வண்டி வந்தது. தொப்பி போட்ட ஒரு அதிகாரி எனக்குத் தண்ணீர் கொடுத்தார். விமானத்துக்குள் எட்டிப் பார்த்தார். சுற்றி வந்தார். மறுபடி எட்டிப் பார்த்தார்.

“தி அதர் லேடி… வேர் இஸ் ஷி?”

வேறு யாரும் இல்லை என்றேன். அவர் நம்பவில்லை. ரேடியோவில் இரண்டு பெண் குரல் கேட்டதாகத் தகவல் வந்திருக்கிறது என்றார். புல்லுக்குள் அரை மணி நேரம் தேடினார்.

1:20-க்கு கஸ்தூரிரங்கன் அங்கிள் வந்து சேர்ந்தார். நியூஜெர்சியிலிருந்து வந்து இறங்கியவர், விமான நிலையத்திலிருந்து நேராக ஓட்டி வந்திருக்கிறார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. மூக்கில் இருந்த பொட்டைப் பார்த்தார். முகம் வெளுத்தது. எஞ்சினைத் திறக்கவில்லை. டேங்கைப் பார்க்கவில்லை. நேராக இடது இறக்கைக்கு அடியில் மண்டியிட்டார். கட்டைவிரல் நகத்தால் எதையோ சுரண்டினார்.

எங்கே பார்க்க வேண்டும் என்று அவருக்கு எப்படித் தெரிந்தது?

வலது இறக்கைக்கு ஓடினேன். குனிந்தேன். காற்றுக் குழாயின் வாயில் சந்தனம், சிமெண்ட் மாதிரி இறுகியிருந்தது. தண்ணீர் கேனைக் கவிழ்த்தால், காற்று உள்ளே போக வழியில்லாமல் தண்ணீர் திக்கித் திக்கி நிற்குமே, அப்படித்தான் இரண்டு டேங்கும் திணறி நின்றிருக்கின்றன. அவர் இந்தப் பக்கம் வருவதற்குள் ஆறு போட்டோ எடுத்துவிட்டேன்.

சாயங்காலம் மானஸாவுக்கு போன் போட்டேன். “அந்த பிளேன்ல யாருடி செத்தது?”

 அவள் அழுதாள்.

“குமுதினி அக்கா. யாழ்ப்பாணத்துக்காரங்க. நம்ம டெஸ்டிங் டீம் லீட். கிளப்ல இருந்த ஒரே லேடி. ட்வென்டி எய்ட்டீன் அக்டோபர். ஆயுத பூஜைக்கு மறுநாள் தனியாப் போனாங்க. டேங்க் மாத்த மறந்துட்டாங்கன்னு அவங்க வீட்டுக்காரர் மரியதாசன்கிட்டயும் சொன்னாங்க. பிளேனை ரிப்பேர் பண்ணித் திருப்பி எடுத்துட்டு வந்தாங்க. அதைப் பத்தி யாரும் பேசக் கூடாதுன்னு அங்கிள் சொல்லிட்டார்டி. எனக்கும் விசாதானே…”

இங்கே விபத்து விசாரணை அறிக்கையை யார் வேண்டுமானாலும் படிக்கலாம். படித்தேன். 2018 அக்டோபர் 21. புல்வெளி நடுவே ஒரு குட்டை, சுற்றி மரங்கள். அதில் மோதியிருக்கிறது. டேங்க்கில் பெட்ரோல் இருந்தது. திருகு இருந்த பகுதி நசுங்கிப்போனதால் அது எந்தப் பக்கம் இருந்தது என்று சொல்ல முடியவில்லை. கிளப் தலைவர், அதாவது கஸ்தூரிரங்கன் அங்கிள், கொடுத்த வாக்குமூலம் இரண்டே வரி: பெட்ரோல் டேங்க் மாற்றத் தவறிவிட்டார். அவர் அடிக்கடி மறப்பவர்.

அதற்குக் கீழே இன்னொரு பத்தி. அதை மூன்று தடவை படித்தேன். 

விமானியின் கடைசி ரேடியோப் பேச்சு ஆங்கிலத்தில் இல்லை. ஒரே சொல்லைப் பல முறை சொல்கிறார். கிளப் தலைவரை அழைத்து ஒலிப்பதிவைப் போட்டுக் காட்டினார்கள். அது இலங்கைத் தமிழ், தமக்குப் புரியவில்லை என்று அவர் தெரிவித்தார்.

அந்தச் சொல்லை, காதில் விழுந்தபடி ஆங்கில எழுத்தில் எழுதி வைத்திருந்தார்கள். வாய்விட்டுப் படித்தேன்.

மாத்திப்போட்டன்.

அவளிடம்தான், செத்தால் நீ சாவு என்று கத்தியிருக்கிறேன்.

திங்கட்கிழமை மாலை நாலு மணி. அங்கிளின் அறை. மேஜையில் ஒரு காகிதம், அதன் மேல் ஒரு பேனா.

“ஒரே லைன்தாம்மா. ஸைன் பண்ணு. ஹியூமன் எரர். யாருக்கும் நடக்கும். உன் கிரீன் கார்டு ஃபைல் நெக்ஸ்ட் வீக் போறது. நடுவுல எதுக்கு ஹெட்டேக்?”

படித்தேன். பெட்ரோல் டேங்க் மாற்றத் தவறிவிட்டேன். அதே வரி. கடைசிச் சொல்லை மட்டும் மாற்றியிருந்தார்.

“அங்கிள், மாத்திப்போட்டன்னா என்ன அர்த்தம்?”

 அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

“லிஸன், அஞ்சுகம். அன்னைக்கும் நாகாதான் பொட்டு வச்சா. அவ கையால. மறுநாள் நான் போய்ப் பார்த்தப்பதான் எனக்கே தெரிஞ்சுது. சுரண்டி எடுத்துட்டேன். அவளுக்குத் தெரிஞ்சா உயிரோட இருக்க மாட்டா. நான் வேற என்ன பண்ணியிருக்க முடியும் சொல்லு?”

“புரியுதுன்னு சொல்லியிருக்கலாம்.”

“போனவ போய்ட்டாம்மா!”

“அவங்க வீட்டுக்காரர் இருக்காரே. மரியதாசன். ஏழு வருஷமா தன் பொண்டாட்டி மறதியால செத்துட்டான்னு நம்பிட்டு இருக்கார்.”

அவர் குரல் மாறியது. “ஸைன் பண்ணலைன்னா வேலை இருக்காது. வேலை இல்லைன்னா என்ன ஆகும்னு தெரியுமில்ல?”

“தெரியும். அறுபது நாள். அதுக்குள்ள வேற வேலை, இல்லைன்னா ஊர்.”

“எங்கேருந்து வந்தேன்னு யோசி. உன்னை இங்க கொண்டு வந்து நிறுத்தினது யாரு?”

மூட்டை தூக்கிய என் அப்பா என்று வாய் வரை வந்தது. இவரிடம் என் அப்பா பெயரைச் சொல்வதற்கே பிடிக்கவில்லை.

“அங்கிள், போட்டோ ஆறும் மூணு இருபதுக்கே விசாரணை ஆபீசுக்கு மெயில்ல போயிடுச்சு. நான் குழாயைச் சரியாப் பார்க்காததையும் எழுதியிருக்கேன். அந்தத் தமிழுக்கு அர்த்தமும் எழுதியிருக்கேன். மரியதாசன் சாருக்குத் தனியா ஒண்ணு போயிருக்கு. ஆன்ட்டிகிட்ட நீங்களே சொல்லிடுங்க. வேற யாராவது சொல்றதுக்கு முன்னாடி.”

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்தார் என்றா சொன்னேன், விழுந்தார்.

என் ரேடியோப் பேச்சின் ஒலிப்பதிவை அனுப்பச் சொல்லி எழுதியிருந்தேன், அது பிறகு வந்தது. நான் ஒன் என்கிறேன். நான் வாயை மூடிய அரை நொடியில், என் மைக்கிலேயே, வேறு ஒரு பெண் டூ என்கிறாள். யார் கேட்டாலும் போட்டுக் காட்டுகிறேன். யாருக்கும் விளக்கம் சொல்லத் தெரியவில்லை.

ஆனால் அன்றைக்கு, அந்த அறையில், அது எனக்குத் தெரியாது. தெரியாமலேதான் அடையாள அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றி அந்தக் காகிதத்தின் மேல் வைத்தேன். வெளியே எல்லாரும் கம்ப்யூட்டரைப் பார்ப்பது போல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மானஸா எழுந்து நின்றாள். ஜெயபிரகாஷ் அங்கிள், “என்னம்மா, ஆல் ஓகே?” என்றார். வாசலைப் பார்த்து நடந்தேன்.